ஒத்து ஊதுகிறவர்கள்

தமிழில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் கச்சேரி மேடைக்குப் போனால் போதும், சொல் தயாராகக் கிடைக்கும். மேனேஜர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் ஜால்ரா. தலைவர் பேசினால் கட்சிக்காரர் ஒத்து ஊதுகிறார். மாமியார் ஆரம்பித்தால் நாத்தனார் பின்பாட்டு பாடுகிறாள். இன்னொருவன் தாளம் போடுகிறான். கையில் காசில்லாதவன்கூட சோற்றுக்கு சிங்கிதான் அடிக்கிறான். எல்லாமே மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை. அடுத்தவருக்கு இணங்கிப் போகிறவனைத் திட்டப் பாடுகிறவரின் வேலையிலிருந்து ஒரு சொல் பிறந்ததாகத் தெரியவில்லை. ‘அடக்கி வாசி’ என்கிற அருமையான சொல்லைக்கூட டீக்கடையில் மிரட்டலாக்கி வைத்திருக்கிறோம்.

கலையில் எதை மெச்சுவது, மனிதரிடம் எதை மெச்சுவது என்று தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சபாவில் டிக்கெட் வாங்கி, பாடகரை விட்டுவிட்டு அவருக்கு இரு பக்கமும் பின்னாலும் இருப்பவர்களை இரண்டு மணி நேரம் பாருங்கள் என்பேன்.

நாகஸ்வரத்துக்குச் சுருதி கொடுக்கும் குழலான ஒத்திலிருந்தே தொடங்கலாம். பார்க்க நாகஸ்வரம் போலத்தான் இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. கீழ்ப்பக்கத்தில் இருக்கும் சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு ஸ்வரம், எல்லாவற்றுக்கும் அடிப்படையான ‘ஸ’, அதாவது ஆதார ஸட்ஜம். அது நடுவில் அறுபடக் கூடாது என்பதுதான் வேலையே. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது வாயில் வைத்து ஊதும் சீவாளி வழியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டுமானால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போதும் குமிழி நிற்கக் கூடாது. முதல் நாள் பத்து விநாடி தாண்டினால் பெரிய விஷயம். கன்னம் தளர்ந்தால் சுருதி இறங்கும், பயந்து அழுத்தினால் ஏறும். கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில் சாமி நான்கு மாடவீதியும் சுற்றி வர எத்தனை நேரம் ஆகும் என்று மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. செலவு மிச்சம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஊத ஊதக் குழல் சூடேறி நாகஸ்வரத்தின் சுருதி மெல்ல மேலே போகும். ஒத்துக்காரர் அதைக் கேட்டுக் கூடவே போவார். பெட்டி போகாது. நாகஸ்வரக்காரர்தான் உதட்டால் அமுக்கிப் பெட்டிக்கு இணங்க வேண்டும்.

அடுத்தது தம்பூரா. பாடகருக்குப் பின்னால், பெரும்பாலும் ஒரு சிஷ்யையோ சிஷ்யனோ உட்கார்ந்திருப்பார்கள். பஞ்சமம், சாரணி, அநுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தி. பஞ்சமத்தை நடுவிரல் தொடும், மற்ற மூன்றையும் ஆள்காட்டி விரல். நகம் படக் கூடாது, விரலின் பக்கச் சதையால் தடவிவிட வேண்டும். சேர்க்கும்போது முதலில் சாரணி, அதற்கு ஒத்து அநுசாரணி, பிறகு ஒரு ஸ்தாயி கீழே மந்தரம், கடைசியில் பஞ்சமம். பெரிய மாற்றத்துக்குப் பிருடை, நூலிழை மாற்றத்துக்குக் குதிரைக்குக் கீழே இருக்கும் மணி. இதெல்லாம் ஆன பிறகுதான் ஜீவா. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூல் துண்டை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் தந்தி திடீரென்று பூத்துக்கொண்டு ரீங்கரிக்கும். சரியாகச் சேர்ந்த மந்தரத்திலிருந்து யாரும் வாசிக்காத காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், தானாகக் கேட்கும். அது கேட்கவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

அதன் பிறகு இரண்டரை மணி நேரம் ஒரே சீராக மீட்ட வேண்டும். இதில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. பாட்டு துரித காலத்தில் ஓடும்போது மீட்டுகிற விரலும் தாளத்தோடு ஓட ஆரம்பிக்கும். அப்படி ஓடினால் நாதம் துண்டு துண்டாகி, கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே எரிச்சல் வரும். பாட்டைக் கேட்க வேண்டும், ஆனால் அதோடு போகக் கூடாது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான பயிற்சி என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

பின்பாட்டு பற்றி ஒன்று மட்டும். எம்.எஸ். சுப்புலட்சுமியோடு பல பத்தாண்டுகள் பின்பாட்டு பாடியவர் ராதா விசுவநாதன். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோதும் கூட இருந்தவர். ஒலிப்பதிவுகளைக் காதுக்கருவி போட்டுக் கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும். பின்பாட்டில் மூச்சு எடுக்கிற இடம் தனி. முன்னே பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் பின்னே இருப்பவர் வாங்கக் கூடாது, நீளும் அந்த ஸ்வரத்தைப் பின்னே இருப்பவர்தான் தாங்க வேண்டும். முன்னவர் திரும்பச் சேர்ந்துகொண்டதும் பின்னவர் கொஞ்சம் கரைந்து, அடுத்த சொல்லுக்குள் தன் மூச்சை எடுத்துக்கொள்வார். கேட்கிறவர்களுக்கு ஒரே குரல் முறியாமல் போவதாகத் தோன்றும். பாராட்டு முழுக்க அந்த ஒரே குரலுக்குப் போய்விடும்.

வயலின் இங்கே வந்தது நம் சென்னை வழியாகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் இந்த வாத்தியத்தைக் கற்றார். தந்திகளை மந்தர ஸட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஸட்ஜம், மத்திய பஞ்சமம் என்று மாற்றிக் கட்டி, தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றிக்கொண்டால் இடது கை தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டு, ஸ்வரங்களை அசைத்து வளைக்கும் கமகத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாம்.

தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் வயலின்காரரின் வேலை நிழலுடையது. பாடகர் ஒரு பிடி, அதாவது சில ஸ்வரங்கள் கொண்ட துணுக்கு, பாடினால் இம்மியளவு பின்னால், ஒரு படி குறைந்த சத்தத்தில், அதே பிடி. பாடகர் நிறுத்தும்போது கடைசி ஸ்வரத்தை வில்லில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும், அடுத்ததை அவர் அங்கிருந்துதான் எடுப்பார். நிழல் முந்திக்கொண்டால் பாடகர் தன் யோசனையை விட்டு நிழலின் யோசனையைப் பாடும்படி ஆகும். தனக்கான முறை வரும்போது பாடகர் பத்து நிமிஷம் பாடியிருந்தால் ஐந்தாறு நிமிஷத்தில் முடிப்பது மரியாதை. எழுதாத விதிதான், ஆனால் மீறினால் மேடையில் முகங்கள் மாறும்.

உண்மையான சோதனை விருத்தத்தில், அதாவது தாளமில்லாமல் செய்யுளை ராகம் மாற்றி மாற்றிப் பாடும்போது, வரும். அடுத்த ராகம் என்னவென்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு மூன்று ஸ்வரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். ஆரபியும் தேவகாந்தாரியும் ஏட்டில் ஸ்வரங்கள் ஏறும் ஆரோகணமும் இறங்கும் அவரோகணமும் ஒன்றேதான். ஆரபி துள்ளிக்கொண்டு போகும், காந்தாரத்திலும் நிஷாதத்திலும் நிற்காது. தேவகாந்தாரி நின்று, நீட்டி, அசைந்து வரும். பாடகர் ஒரு நீண்ட ரிஷபத்தை அசைத்துத் தேவகாந்தாரிக்கு வாசல் திறந்திருக்கும்போது வயலினில் பளிச்சென்று ஒரு பிருகா, ஸ்வரங்களின் வேகமான உருட்டல், விழுந்தால் வாசல் ஆரபிக்குத் திறந்துவிடும். அப்புறம் பாடகர் முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? ஸட்ஜத்தையோ பஞ்சமத்தையோ மட்டும் மெதுவாக இழுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தெரியாது என்பதை இவ்வளவு அழகாக ஒப்புக்கொள்ளும் வழி வேறெந்தத் தொழிலிலும் இருக்கிறதா என்று சந்தேகம்தான்.

இனி மிருதங்கம். பாடகரின் வலப்பக்கம், அதாவது நம் பார்வைக்கு இடப்பக்கம். மிருதங்கத்தின் சிறிய முகமான வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் அந்த இடம். பழனி சுப்பிரமணிய பிள்ளை போல இடது கைக்காரர் வாசித்தால் பக்கம் மாறி உட்கார வேண்டும், வயலின்காரரும் எதிர்ப்பக்கம் நகர வேண்டும். பலாமரக் கட்டை, வலந்தலையில் வார் கோத்த பதினாறு கண், எருமைத்தோல் வார். சுருதி உயர்ந்த குரலுக்குச் சுமார் 22 அங்குலம், தாழ்ந்த குரலுக்கு 24. உயர்ந்த சுருதியான ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கும் தாழ்ந்த சுருதியான ஒரு கட்டையில் பாடுகிறவருக்கும் ஒரே வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பெரிய முகமான தொப்பியின் நடுவில் வட்டமாக அப்புவார்கள். அது காய்ந்தால் கும்கி என்கிற வழுக்கும் அடிநாதம் ஏறாது, சத்தம் தகரமாகும். அதனால்தான் பாட்டு நடுவில் விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வைப்பார்கள். தண்ணீர் கூடினால் தொப்பி ‘தொப்’ என்று செத்துவிடும். வலந்தலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் நேரே பின்னலைக் கல்லால் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். பதினாறு இடத்திலும் ஒரே ஒலி வர வேண்டும். சென்னையின் டிசம்பர் இதற்குச் சரியான எதிரி. மழை ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கியிருக்கும். ஏசி அரங்கத்துக்குள் வந்து அரை மணியில் தோல் காய்ந்து இறுகி மேலே போகும். வெளியே சேர்த்து எடுத்து வந்த வாத்தியம் தொடக்கப் பாட்டான வர்ணம் முடிவதற்குள் ஓடிவிடும். அனுபவஸ்தர்கள் சீக்கிரமே வந்து, மேடையிலேயே வாத்தியத்தை வைத்துக் குளிர விட்டு, அதன் பிறகு சேர்ப்பார்கள்.

வாசிப்பில் ‘பாட்டுக்கு வாசிக்கிறார்’ என்பதுதான் துறைக்குள் பெரிய பாராட்டு. தியாகராஜர் கிருதியில் பல்லவியின் சங்கதிகள், ஒரே வரியின் மெட்டு வேறுபாடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக வளரும். முதல் சங்கதிக்கே கையை நிரப்பிவிட்டால் ஆறாவதுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. முதலில் எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, காட்டினால் போதும், அடுத்ததில் கொஞ்சம் நடை, அடுத்த பகுதியான அனுபல்லவி மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது தொப்பி திறக்கலாம். மெதுவான சௌக்க காலப் பாட்டில் இடைவெளி பயமுறுத்தும். அதை நிரப்பத் துரிதச் சொல்லாகப் போட்டால் பாட்டு வேறு வேகத்தில் போவது போலாகிவிடும். தீட்சிதர் கிருதியில் வேகம் கூடும் மத்தியம கால சாகித்தியம் வரும் வரை பொறுத்திருந்தால் அங்கே சேர்ந்து ஓடுவது தனிச் சுகம். ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் ஒரு சொல் உருகிக்கொண்டிருக்கும்போது கையை எடுத்து மடியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த நாலைந்து விநாடிக்குத்தான் என் கைதட்டல்.

கணக்குக்கு வருவோம். ஆதி தாளம் எட்டு அட்சரம் (ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை), அட்சரத்துக்கு நாலு மாத்திரை, மொத்தம் 32. பாடகி, மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தில், ததிங்கிணதொம் என்கிற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை வைத்து முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மூன்று பதினைந்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, ஆக 19. சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத்துக்கு, வர வேண்டுமானால் 13 மாத்திரை விட்டு, நடுவிரல் எண்ணிக்கையின் இரண்டாவது மாத்திரையில் தொடங்க வேண்டும். பாட்டின் எடுப்பு ஒன்றரை அட்சரம் தள்ளி இருந்தால் ஆறு மாத்திரை கூட்டி, 19 விட்டு, அடுத்த தட்டின் நான்காவது மாத்திரையில் தொடக்கம். மிருதங்கக்காரருக்கு இது எதுவும் முன்பே தெரியாது. முதல் ததிங்கிணதொம்மைக் கேட்டு, அது எங்கே ஆரம்பித்தது என்பதை வைத்து எத்தனை கார்வை என்று ஊகித்து, இரண்டாவதில் கூடச் சேர்ந்து, மூன்றாவதில் ஒன்றாக விழ வேண்டும்.

பாடகி ஒரு மாத்திரை தாமதமாகத் தொடங்கிவிட்டால்? 19-க்கு இடமில்லை, 18-தான் மிச்சம். நல்ல பாடகிக்கு அது உடனே உறைக்கும், இரண்டாவது கார்வையை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்து எடுப்பில் சரியாக வந்துவிடுவார். அவர் குறைக்கப் போகிறார் என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் முகத்திலோ கை வீச்சிலோ பார்த்து மிருதங்கமும் குறைக்க வேண்டும். பாடப்புத்தகப்படி இரண்டு மாத்திரை விட்டுத் தன் கணக்கைத் தான் சரியாக முடித்தால் கணக்கு ஜெயித்துவிடும், பாடகி தவறினார் என்பது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்துவிடும். சேர்ந்து குறைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. வெகு சிலர் ‘அட, நல்லா இருந்ததே’ என்று தலையாட்டுவார்கள்.

ஆனால் எப்போதும் இப்படி இணங்கிப் போவதும் தப்பு. பாடகர் தாளத்தையே அரை அட்சரம் நழுவவிட்டால் கூட நழுவக் கூடாது, எல்லோருமாகப் பள்ளத்தில் விழுவதாகும். அப்போது அலங்காரத்தையெல்லாம் நிறுத்திவிட்டு வெறும் சர்வலகு என்கிற நேர்நடை, சமத்தில் அழுத்தமாக ஒரு ‘தீம்’. அதைக் கேட்டுப் பாடகர் ஏறிக்கொள்வார். வார்த்தை மறந்துபோனால் வயலின்காரர் அடுத்த அடியின் முதல் ஸ்வரங்களைச் சற்றே பலமாக இழுப்பார், மெட்டு வந்தால் சொல் வந்துவிடும். எப்போது கூடப் போவது, எப்போது நகராமல் நிற்பது என்பது கணக்கில் இல்லை. எத்தனையோ பேருக்கு வாசித்து வருகிற விவேகம் அது. இதே பிழையில் ரசிகர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறவர்களும் மேடையில் உண்டு. கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தச் சிரிப்போடு அந்த வாசிப்பு எனக்கு முடிந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லும்போது மேடையை ரொம்பப் புனிதமாக்கிவிடக் கூடாது. பெண்கள் பாடினால் வாசிக்க மாட்டோம் என்று பெரிய மிருதங்க வித்வான்கள் பலர் நெடுங்காலம் மறுத்தார்கள். பாலக்காடு மணி ஐயர் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தது அதனாலேயே பெரிதாகப் பேசப்பட்டது. ஊரெல்லாம் கொண்டாடிய அடக்கம் பாதிப் பாடகர்களுக்குக் கிடைக்கவில்லை. அதே மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்கிற மிருதங்கம் செய்பவர் இருந்தார். தோல் பதம் பார்ப்பது, கிட்டான் கல்லைப் பொடித்துச் சோற்றோடு சேர்த்து வலந்தலையின் கறுப்பு வட்டமான கரணை போடுவது, மேல்தோலுக்கும் சாப்புத்தோலுக்கும் நடுவே ஈர்க்குச்சி செருகி நாதத்தைத் திறப்பது எல்லாம் அவரைப் போன்றவர்கள் கை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலரும் தலித் கிறித்தவக் குடும்பத்தார். சபா நோட்டீஸில் பாடகர் பெயர் பெரிய எழுத்தில், பக்கவாத்தியம் சின்ன எழுத்தில் வரும். இவர்கள் பெயருக்கு எழுத்தே கிடையாது.

இன்றைக்கு இந்தக் கலையைக் கெடுப்பது பெரும்பாலும் மைக். மைக்கே வேண்டாம் என்று மணி ஐயர் பிடிவாதம் பிடித்தது அப்போது விசித்திரமாகத் தெரிந்திருக்கலாம். இப்போது தனக்கு மானிட்டரில் (மேடையில் இருப்பவர்களுக்கான ஒலிபெருக்கியில்) கேட்கவில்லை என்று பாடகர் ஏற்றச் சொல்வார், பிறகு மிருதங்கம், பிறகு கடம். மூன்றாவது பாட்டில் தொப்பி நெஞ்சில் இடிக்கும். மேடையில் ஒருவர் சத்தம் இன்னொருவருக்கு நேராகக் கேட்டால்தான் அடக்கி வாசிக்க முடியும். மானிட்டர் வழியாகத் திரும்பி வருவதைக் கேட்டு அடக்குவது நடக்காத காரியம். உட்காருகிறவர்கள் நெருக்கமாக உட்கார்ந்து, மானிட்டரைப் பாதியாகக் குறைத்தாலே மீதி தானாகச் சரியாகும். ஒலி அமைப்பாளரிடம் இதைச் சொல்கிற பாடகர்கள் குறைவு.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி அரங்கம் கான்டீனுக்கு எழுந்து போகிறது. போளி சூடாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு மணி நேரம் அடுத்தவருக்காகக் கையைக் கட்டிவைத்திருந்த ஆளுக்குப் பத்து, பதினைந்து நிமிஷம் கிடைக்கிற இடம் அது. மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, வாசிக்கும் அளவைக் குறைத்துக்கொண்டே வரும்போது, ஒருவர் சொன்னதை மற்றவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பாருங்கள். அப்படியே திருப்பிச் சொல்கிறாரா, ஒரு சொல்லை மாற்றிக் கொடுக்கிறாரா, மடக்கப் பார்க்கிறாரா? பாடகர் அந்த நேரம் தாளம் போடுகிறாரா, சபையில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள். அந்தப் பத்து நிமிஷம் அவர்தான் பக்கவாத்தியம்.

மங்களம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருங்கள். பாடகரைச் சுற்றிச் சால்வையும் செல்போனுமாகக் கூட்டம் கூடும். பின்னால் அந்தப் பெண் தம்பூராவைக் கிடத்தி உறைக்குள் நுழைத்துக்கொண்டிருப்பாள். வயலின்காரர் வில்லின் முடியைத் தளர்த்துவார். மிருதங்கக்காரர் வாத்தியத்தைத் திருப்பி மடியில் வைத்து, பாதி காய்ந்த ரவையைத் தொப்பியிலிருந்து வழித்தெடுத்து, ஒரு காகிதத்தில் மடித்து, ஈரத் துணியால் தோலைத் துடைப்பார். ரவையை அப்படியே விட்டால் தோல் கெட்டுவிடும். நாளைக்கு வேறு சபா, வேறு பாடகர், அநேகமாக வேறு சுருதி.